டொமைன் என்றால் வெறும் களம் இல்லை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது கம்பெனியும் இரண்டானது. ஆளுக்கொரு சர்வர், ஆளுக்கொரு விண்டோஸ் டொமைன். சரக்கு அனுப்பும் குடோன் மட்டும் பொது, அங்கிருக்கும் கணினியும் பொது. அதற்கு வந்த தமிழ்க் குறிப்பில் 'பொதுக் கணினி வழியாக இரு களங்களையும் இணைக்கவும்' என்றிருந்தது. கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, பக்கத்துக்கு ஒரு கேபிள் செருகிவிட்டு எனக்குப் போன் செய்தான். "ஏனுங்க, ரெண்டு களத்தையும் இணைச்சுப்போட்டனுங்க. அப்பவும் அந்தப் பக்கத்து ஆளுக வந்தா பாஸ்வேர்டு கேக்குதுங்களே?"

கேட்கத்தான் செய்யும். தப்பு பையனுடையது அல்ல, டொமைனுக்கு வைத்த 'களம்' என்ற சொல்லுடையது.

லத்தீனில் டொமினஸ் என்றால் எசமான். டொமினியம் அவனுடைய ஆளுகை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து டொமைன் ஆனது. ஆக, அச்சொல்லின் உயிர் இடத்தில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது. விண்டோஸிலும் அப்படியே. யார் உள்ளே வரலாம், எதைத் தொடலாம் என்று டொமைன் கன்ட்ரோலர் என்கிற காவல் சர்வர் முடிவு செய்கிற எல்லைதான் டொமைன். நான் 'ஆள்களம்' என்கிறேன்.

களமே போதும், சுருக்கமாக இருக்கிறது என்பார்கள். எங்கள் ஊரில் களம் என்றால் கடலைக்காய் காயப்போடும் இடம், சோளம் அடிக்கும் இடம். பங்காளிகள் நாலு பேர் ஒரே களத்தில் அடிப்பதும் உண்டு, அதில் யார் ஆட்சியும் கிடையாது. மற்றபடி தமிழ் பெரும்பாலும் களத்துக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துத்தான் பொருளைக் காட்டும்: போர்க்களம், ஏர்க்களம், ஆடுகளம். ஆடுகளம் வினைத்தொகை, ஆள்களமும் அப்படித்தான். 'ஆள்' என்றால் கூலி ஆள் என்று நினைத்துக்கொள்வார்களாம். ஆடுகளத்தை ஆடு மேய்கிற களம் என்று யாராவது நினைத்தார்களா? இரண்டு எழுத்து மிச்சம் பிடிக்கப் போய்ப் பொருளையே தொலைப்பது என்ன சிக்கனமோ. கணக்கு வாத்தியார்கள் பரவாயில்லை. சார்புகளில் வரும் டொமைனுக்கு 'மதிப்பகம்' என்று வைத்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

'இரு ஆள்களங்கள்' என்று எழுதியிருந்தால் பையன் கேபிளைத் தொடுமுன் யோசித்திருப்பான். விண்டோஸ் கணினி ஒரு நேரத்தில் ஒரு ஆள்களத்தில்தான் உறுப்பினராக முடியும். இரண்டு கார்டு போட்டாலும் ஒரு பக்கத்துத் தகவலை மறுபக்கத்துக்குத் தானாகக் கடத்தாது. பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைப்பதால் தோட்டங்கள் ஒன்றாகிவிடுமா? பொதுக் கணினியில் இருக்கும் கோப்பு மட்டும் வேண்டுமென்றால், அது சேர்ந்திருக்கும் ஆள்களத்தில் மறுபக்கத்தாருக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தால் போதும். முழு உறவு வேண்டுமென்றால் கன்ட்ரோலர்கள் இரண்டும் பேசிக்கொள்ள வழி வேண்டும், அப்புறம் ஒன்றையொன்று நம்ப வேண்டும். விண்டோஸில் 'டிரஸ்ட்' எனப்படும் அந்த நம்பிக்கைக்குத் திசையும் உண்டு. எந்தப் பக்கம் நம்புகிறதோ அது கதவைத் திறக்கும், நம்பப்படும் பக்கத்து ஆட்கள் உள்ளே வருவார்கள்.

இந்த 'டிரஸ்ட்' என்ற சொல்லையும் விட்டுவைக்கவில்லை. அதே குறிப்பில் 'அறக்கட்டளை அமைக்கவும்' என்றிருந்தது! பாகம் பிரித்த அண்ணன் தம்பிக்கு நடுவே அன்னதானமா நடக்கிறது? 'நம்பிக்கை உறவு' என்று எழுதக் கை வரவில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து வைத்துவிட்டுப் போவதற்குப் பெயர் மொழிபெயர்ப்பு.

விண்டோஸ் 2000-இல், ஆட்கள், கணினிகளின் பட்டியலை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு வந்த 'ஃபாரஸ்ட்' கதை இன்னும் மோசம். ஒன்றோ பலவோ ஆள்களங்கள் அடங்கிய தொகுப்பு அது. அதைக் 'காடு' என்று எழுதுகிறார்கள். கொங்கு நாட்டில் காடு என்றால் மானாவாரி நிலம். 'புதிய காட்டை உருவாக்கவும்' என்று படித்துக் காட்டினால் எங்கள் அப்பாரு மம்பட்டியைத் தேடுவார்.