இன்வேசிவ் ஸ்பீஷிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்பிடிப்பவர்கள் சில ஆண்டுகளாக ஒரு பெயரை வேதனையோடு சொல்லி வருகிறார்கள்: காக்கா ஆழி. இங்கே ஆழி என்றால் கடல் இல்லை, ஓட்டுக்குள் வாழும் சிப்பி வகை. அவர்களுக்குப் பச்சை ஆழி என்று ஒன்று உண்டு, அது இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தது. காக்கா ஆழியின் பூர்வீகமோ மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். இதே சிப்பி கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் பெருகியபோது, அங்குள்ள மீனவர்கள் அதற்கு ‘வரத்தன் கக்கா’ என்று பெயர் வைத்தார்கள். வரத்தன், அதாவது வெளியிலிருந்து வந்தவன்.

வெளியிலிருந்து வந்து பெருகி, உள்ளூர் உயிர்களுக்கு இடமில்லாமல் செய்யும் இந்த மாதிரி உயிர்களை ஆய்வாளர்கள் ‘இன்வேசிவ் ஸ்பீஷிஸ்’ என்கிறார்கள். ‘இன்வாதெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. ‘இன்’ என்றால் உள்ளே, ‘வாதெரே’ என்றால் போ, நட. உள்ளே நடந்து போவது என்ற பொருள், நாளடைவில் படையெடுப்பு ஆகிவிட்டது. 1958இல் ஆங்கிலேய உயிரியலாளர் சார்லஸ் எல்டன் எழுதிய நூலுக்குப் பிறகு, இடம்பெயர்ந்து பெருகும் உயிர்களைப் பற்றிப் பேச இந்தப் படையெடுப்பு உவமையே வழக்கில் ஊன்றிவிட்டது.

தமிழில் ‘ஆக்கிரமிப்பு இனம்’, ‘ஊடுருவும் இனம்’ என்று எழுதுகிறோம். இரண்டிலுமே எனக்கு மனம் ஒப்பவில்லை. சிப்பி எதன்மீதும் படையெடுத்து வருவதில்லை. சரக்கில்லாத கப்பல் தள்ளாடாமல் இருக்க அதன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்புவார்கள். கண்ணுக்குத் தெரியாத லார்வாக்கள், அதாவது சிப்பியின் குஞ்சுகள், அந்த நீரோடு சேர்ந்து வந்து, அடுத்த துறைமுகத்தில் நீரை வெளியேற்றும்போது இறங்கிவிடுகின்றன. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும் வரும். கூட்டிவந்தது நாம்தான். ‘வந்தேறி’ என்ற சொல்லையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். மனிதர்களை வசைபாடப் பழகிவிட்ட அந்தச் சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவர வேண்டாம்.

அப்புறம், வந்ததெல்லாம் கெடுப்பதும் இல்லை. வெளியிலிருந்து வந்து ஓரமாகப் பிழைத்துக் கிடக்கும் உயிர்கள் நிறைய உண்டு. அவற்றுக்கு ‘அயலினம்’ என்ற பெயர் போதும். சிக்கல் அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது. காக்கா ஆழி தன் உடலிலிருந்து நூல் விட்டு, பக்கத்துச் சிப்பியோடு தன்னைக் கட்டிக்கொள்ளும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் ஒரு கொத்தே சேற்றோடு வரும். இப்படிப் பின்னிப் பின்னி ஆற்றுப்படுகை முழுக்கப் பாய் விரித்ததுபோல் ஆகிவிடும். சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்குப் புதைய இடமிருக்காது.

இதற்குத் தமிழில் நல்ல வினை ஒன்று இருக்கிறது: மண்டுதல். புதர் மண்டிக் கிடக்கிறது என்கிறோம். எண்ணெயின் அடியில் தங்கும் கசடும் மண்டிதான். அடர்ந்து பெருகுவது, அடியில் படிவது இரண்டுமே இந்தச் சிப்பிக்குப் பொருந்துகின்றன. அதனால் ‘மண்டும் அயலினம்’ என்பதே என் பரிந்துரை.

கண்காணிப்புக்கும் இந்த வேறுபாடு உதவும். துறைமுகங்களில் தகடுகளைக் கயிற்றில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு, சில மாதம் கழித்து எடுத்து, என்னென்ன ஒட்டியிருக்கின்றன என்று பார்ப்பார்கள். அயலினம் வந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி, மண்டத் தொடங்கிவிட்டதா என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் காலம் மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் படகுத்துறை ஒன்றில், 1999 மார்ச்சில், கருங்கோட்டுச் சிப்பி என்ற வேறோர் அயலினம் அடர்ந்திருந்ததைக் கண்டார்கள். அதற்குச் சுமார் ஆறு மாதம் முன்பு நடந்த ஆய்வில் அது தென்படவே இல்லை. உடனே படகுத்துறைகளை மூடி, குளோரினும் செப்பு சல்பேட்டும் கலந்து, சில வாரங்களில் அடியோடு ஒழித்தார்கள். மூடித் தடுக்கக்கூடிய படகுத்துறையில் அது முடிந்தது. அலை ஏறி இறங்கும் திறந்த கழிமுகத்தில் அப்படிச் செய்ய வழியில்லை.

‘மானிட்டர்’ என்ற சொல்லின் லத்தீன் வேர் ‘மொனேரே’, எச்சரி என்று பொருள். ‘கண்காணிப்பு’ என்ற நம் சொல்லில் கண்ணும் காண்பதும் இருக்கின்றன. சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர் ஆய்வுக் குழுவுக்கு முன்பே காண்கிறார். அவர் சொல்வது பதிவாக வேண்டுமானால், கண்காணிப்புப் படிவத்தில் அறிவியல் பெயருக்குப் பக்கத்தில் ‘காக்கா ஆழி’ என்றும் அச்சிட்டிருக்க வேண்டும்.