இளங்கோழியில் சேவல் எது, விடைக்கோழி எது?

சென்ற ஆடி மாதத்தில், நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வயதான அம்மா ஒருவர் காலில் மஞ்சள் துணி கட்டிய ஆறு மாதக் கோழி ஒன்றைக் கூடையில் வைத்து எங்கள் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவந்தார். முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் இன்னும் கூவவில்லையே, தொண்டையில் ஏதேனும் நோயாக இருக்குமோ என்பது அவருடைய கவலை. "கொண்டை செவசெவன்னு இருக்குது பாருங்க டாக்டர், சாவல்தானுங்களே?" என்றார். கோழியைத் திருப்பி, வாலுக்குச் சற்று முன்னே இடுப்பிறகை விரித்துக் காட்டினேன். ஒவ்வோர் இறகின் நுனியும் விரல் நகத்தைப் போல உருண்டிருந்தது. ஆசனவாய்க்கு இருபுறமும் உள்ள இடுப்பெலும்புகளுக்கு நடுவே என் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தன. இன்னும் சில நாளில் முட்டையிடப் போகும் விடைக்கோழி அது.

புறக்கடை வளர்ப்பில் இத்தவறு அடிக்கடி நேர்வதற்குக் காரணம், கொண்டையை மட்டும் பார்த்து முடிவு செய்வதுதான். ஒரே ஈட்டில் பொரித்த குஞ்சுகளுக்குள், இரண்டு மாத அளவில், சேவற்குஞ்சின் கொண்டையும் தாடியும் முந்திக்கொண்டு சிவந்து பெருக்கும் என்பது உண்மை. ஆனால் முட்டையிடும் பருவம் நெருங்குகையில் விடைக்கோழிக்கும் கொண்டை சிவந்துவிடும் என்பதால், ஆறாம் மாதத்தில் அந்த அடையாளத்தை நம்ப முடியாது. கடக்நாத் வகையில் கொண்டையே கருமை ஓடியிருக்கும். அசீல் என்னும் சண்டைக்கோழி இனத்தில் சேவலுக்கும் அது சிறிதுதான்.

எனவே மூன்று, மூன்றரை மாதம் வரை பொறுத்திருந்து இடுப்பிறகைப் பார்க்கச் சொல்வேன். அப்பருவத்தில் சேவலுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் இறகுகள் நீண்டு, ஈட்டி நுனி போலக் கூர்மையாகி, எண்ணெய் தடவியது போல மினுங்கத் தொடங்கும். பெட்டையின் இறகை உருண்ட நுனியோடு வைத்திருப்பது அதன் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே இயங்குவதால், அது நோயால் கெட்டுப்போனால், அடுத்த இறகுதிர்வில் பெட்டைக்கே சேவல் இறகு முளைத்து, காலில் முள் வளர்ந்து, சில வேளை கூவவும் செய்யும். பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று கேட்கும் ஊரில் அப்படிப்பட்ட கோழியை அபசகுனம் என்று அறுத்துவிடுகிறார்கள். எனக்கோ அது சூலக நோயின் அறிகுறி.

கூர்முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பொரிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழி தரும் குரோமோசோமால், முட்டைக்கு ஓடு உருவாவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஓட்டின் வடிவம் அதன் பிறகு கருக்குழாயில் அமைவது. ஒருநாள் குஞ்சின் சிறகைப் பார்த்துப் பிரிப்பது அதற்கென்றே இணைசேர்த்து உருவாக்கிய பண்ணை இனங்களில்தான் செல்லும், நாட்டுக்கோழியில் செல்லாது. ஆசனவாயைப் பிதுக்கிப் பார்க்கும் ஜப்பானிய முறை பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது. வீட்டில் முயன்றால் குஞ்சின் குடல்தான் சேதமாகும்.

தெருவில் சாயம் தோய்த்து விற்கும் குஞ்சுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டையினக் குஞ்சு பொரிப்பகங்கள் வேண்டாமென்று கழித்த சேவற்குஞ்சுகளே அவற்றில் பெரும்பாலானவை. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று வாங்குவது வேறு. முட்டைக்கென்று வாங்கி ஆறு மாதம் தீனி போட்ட பிறகு என்னிடம் வந்து பயனில்லை.

அந்த அம்மா அன்று, "முனியப்பனுக்கு என்னங்க சொல்றது?" என்று முணுமுணுத்தபடியே மஞ்சள் துணியை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். பிறகு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு அவர் கொண்டுவந்த நான்கு மாதக் கோழிகளுள் ஒன்றின் காலில் அதே துணி இருந்தது. இடுப்பிறகு கூராக மினுங்கியது; ஊசி போட்டு இறக்கிவிட்டதும் உடைந்த குரலில் ஒரு முறை கூவியது.