ரூன் கற்கள்: பாறையில் பொறித்த வாரிசுரிமை

சுவீடனின் மேலாரன் ஏரித் தீவு ஒன்றில், ஹில்லர்ஷோ என்னுமிடத்துப் பாறையில் 11ஆம் நூற்றாண்டில் ரூன் என்னும் பண்டைய வட ஐரோப்பிய எழுத்துகளில் பொறிக்கப்பட்ட வாசகம், ‘படித்துப் பொருள் கொள்’ என்ற கட்டளையோடு தொடங்குகிறது. கன்னிப் பெண்ணான கெய்ர்லாக்கை மணந்த கெய்ர்முண்ட், ஒரு மகன் பிறந்தபின் நீரில் மூழ்கி இறந்தான். பிறகு அந்த மகனும் இறந்தான். மறுமணத்தில் அவள் பெற்ற பிள்ளைகளில் இங்கா என்ற மகள் மட்டுமே எஞ்சினாள். இங்காவின் கணவனும் மகனும் அடுத்தடுத்து மாண்டபோது, மகனின் உடைமை தாய்க்கு வந்தது. மறுமணம் செய்துகொண்ட இங்காவும் இறந்தபின், அவளது உடைமைக்குக் கெய்ர்லாக் வாரிசானாள். மூன்று தலைமுறை மரணங்களின் வரிசையே இங்கே சொத்துப் பத்திரமாக நிற்கிறது.

பெரும்பாலான ரூன் கற்களில் கல்லை நிறுத்திய உயிரோடிருப்பவரின் பெயர் முதலிலும், இறந்தவரின் பெயரும் உறவுமுறையும் அடுத்தும் வருகின்றன. இந்த வரிசையே, இவை நினைவுச் சின்னங்கள் மட்டுமல்ல, உரிமை அறிவிப்புகளும் ஆகலாம் என்ற ஆய்வாளர் சிலரின் கருத்துக்கு வலுவூட்டுகிறது.

படிப்பது எளிதன்று. பழைய ரூன் வரிசையில் 24 எழுத்துகள் இருந்தன. வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் காலத்தில் (சுமார் 8–11ஆம் நூற்றாண்டு) அவை 16 ஆகச் சுருங்கியதால், நம் ககரத்தைப் போல ஒரே எழுத்து வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் நின்றது, உயிரெழுத்துகளிலும் ஒன்றே பல ஒலிகளைச் சுமந்தது. ஒரு சொல்லின் இறுதி எழுத்தே அடுத்த சொல்லின் முதலெழுத்தாகவும் அமைந்தால், பல இடங்களில் அதை ஒருமுறை மட்டுமே வெட்டினார்கள். வாசகம் கல்லில் செதுக்கிய பாம்பு உருவின் உடலுக்குள் வளைந்து செல்கிறது. பொதுவாகத் தலைப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அப்பாம்புத் தலையின் பாணியைக் கொண்டே காலத்தையும் கணிக்கிறார்கள். வெட்டுத்தடத்தை முப்பரிமாணத்தில் அளந்து, உளி பிடித்த கையின் பழக்கத்தை வைத்துச் சிற்பியை அடையாளம் காணும் முறையும் இன்று உண்டு.

வைக்கிங்குகளைப் பற்றிய ஐஸ்லாந்தின் சாகா கதைகள், நிகழ்ச்சிகள் நடந்து பல தலைமுறைகளுக்குப் பின்னரே எழுதப்பட்டவை. கற்களோ அக்காலத்தவரின் நேரடிச் சாட்சியம். அவற்றின் பெருமதிப்பு இதில்தான் இருக்கிறது. இட்டர்யார்டெ கல், உல்ஃப் என்பவன் இங்கிலாந்தில் தோஸ்தி, தோர்கெல், க்னுட் ஆகிய வைக்கிங் தலைவர்களிடமிருந்து மூன்று முறை கப்பப் பணத்தில் பங்கு பெற்றதைச் சொல்கிறது. க்னுட் மன்னனின் ஆட்சியில், 1018இல் இங்கிலாந்து செலுத்திய கப்பத் தொகை 72,000 பவுண்டு என்று பழைய ஆங்கில ஆண்டுக்குறிப்பு ஏடான ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் பதிந்துள்ளது. கப்பம் கொடுத்தவர்களின் கணக்கு ஏட்டில் இருக்க, பங்கு பெற்றவனின் கணக்கு சுவீடனின் கல்லில் இருக்கிறது.