ரைவல், வில்லன், ஆர்க்: பங்காளி எப்ப பகையாளி ஆவறான்?

வீடியோ கேம் கதைங்கள்ல வர்ற இந்த மூணு சொல்லுக்கும் தமிழ்ல என்ன சொல்லலாம்? அகராதிய தொறந்தா ரைவல்னா போட்டியாளர், வில்லன்னா எதிர்நாயகன், அதோட முடிச்சுக்குவாங்க. போட்டியாளர்ங்கறது ஓட்டப்பந்தயத்துக்கும் டெண்டருக்கும் சரி, கூடவே வளர்ந்து கடைசில நம்மளயே கவுக்கற கேம் கேரக்டருக்கு அது ஒட்டவே இல்ல.

ரைவலோட வேர பாத்தா ஏன்னு புரியும். லத்தீன்ல ரீவஸ்னா ஓடை, வாய்க்கா. ரீவாலிஸ்னா அதே வாய்க்கால்ல தண்ணி எடுக்கற பக்கத்து காட்டுக்காரன். அதாவது மொதல்ல அவன் எதிரி கிடையாது, பங்கு உள்ளவன், தண்ணி கொறையறப்பதான் தகராறு. இத சேலத்துக்காரங்களுக்கு யாரும் வெளக்க வேணாங்க, சேர்வராயன் மலையில பொறந்து டவுனுக்குள்ள வர்ற திருமணிமுத்தாத்துல (இப்ப அதுல ஓடறத தண்ணின்னு சொல்ல முடியாது, அது வேற கத) ஆரம்பிச்சு, தாத்தா வெட்டுன கூட்டுக் கெணத்துல இன்னைக்கு யாரு மொற, யாரு மோட்டார் போடறதுங்கற வரைக்கும் இங்க எல்லாமே ரீவாலிஸ் கததான். அவனுக்கு நம்மகிட்ட ஏற்கனவே பேர் இருக்கு, பங்காளி. தாயாதின்னும் சொல்வாங்க, அது தாய்ல இருந்து வரல, சமஸ்கிருதத்துல தாயம்னா பாகச்சொத்து, அதுல உரிமை உள்ளவன் தாயாதி. இதுல அழகு என்னன்னா பசங்க இப்ப "என்ன பங்கு"ன்னு கூப்பிடறதும் அதே சொல்தான், ஒரே வார்த்தையில தோஸ்தும் இருக்கான், கோர்ட்ல கேஸ் போட்டவனும் இருக்கான்.

வில்லன் கத கொஞ்சம் அநியாயமானது. லத்தீன்ல வில்லான்னா பண்ணை வீடு, அங்க வேலை செஞ்சவன் வில்லானுஸ். பாவம், ஏர் ஓட்டுனவன். ஐரோப்பாவுல மேட்டுக்குடி அவனுங்கள எளக்காரமா பேசிப்பேசி பண்ணையாள்ங்கறது நாகரிகம் இல்லாதவன்னு ஆகி, அப்பறம் அயோக்கியன்னு ஆயிருச்சு. தமிழ்ல அந்த சத்தத்த கேட்டா வில் வெச்சிருக்கறவன்னுதான் தோணும், குறுந்தொகை 7ஆம் பாட்டுல "வில்லோன் காலன கழலே"ன்னு வர்றவன் காதலியோட பாலைவழியில போற நாயகன். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல, சத்தம் ஒத்துப்போச்சு, அவ்வளவுதான்.

நமக்கு வில்லன் வந்தது சினிமா வழியா. அதுலயும் சேலத்துக்கு பங்கு உண்டு, ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த மந்திரி குமாரி (1950) வில்லன் பார்த்திபன் கட்டுன பொண்டாட்டியவே மலை உச்சில இருந்து தள்ளிவிட கூட்டிட்டு போவான், அவ முந்திக்குவா. குண்டலகேசி கதையில இருந்து எடுத்தது.

மலை உச்சின்னதும் டெக்கன்ங்கற சண்டை வீடியோ கேம் ஆடுனவங்களுக்கு வேற ஒருத்தன் ஞாபகம் வந்திருக்கும். கசுயா மிஷிமா. அஞ்சு வயசுல அவன் அப்பன் ஹெய்ஹாச்சி அவன உச்சில இருந்து தூக்கி வீசறான், பையன் பொழச்சு மேல வர்றானான்னு பாக்க. அதோட விட்டானா, லீ சாவோலான்னு ஒருத்தன தத்தெடுத்து இவனுக்கு போட்டியா வளக்கறான். அதாவது காசு குடுத்து பங்காளிய வாங்கி வீட்ல வெக்கறான்! "தோளுக்கு மேல வளந்தா தோழன்"ங்கறதெல்லாம் அந்த வீட்ல செல்லாது.

1994ல வந்த மொத டெக்கன்ல கசுயா நம்ம ஆளு, கடைசியா ஜெயிக்க வேண்டிய பெரிய எதிரி, அதாவது பாஸ், ஹெய்ஹாச்சி. ஜெயிச்சு அப்பன அதே உச்சில இருந்து கீழ போடறான், அது வரைக்கும் கை தட்டுவோம், ஏன்னா அவன் கேட்டது அவன் பங்கு. 1995ல ரெண்டாவது கேம்ல பாத்தா கடைசில நிக்கறதே இவன்தான், மிஷிமா சொத்து மொத்தமும் கையில வந்த பின்னாடி ஆளு வெச்சு கொலை, மிரட்டல், அரிய விலங்குகள கடத்தறது வரைக்கும் போயிட்டான். என் கணக்குல கோடு இங்கதான். பங்காளி தன் பாகத்த கேப்பான், கெடச்சதும் அடங்கலாம். பாகம் கெடச்ச பின்னாடியும் எதிர்ல ஒருத்தன் இருக்கக்கூடாதுன்னு நெனைக்கறவன் பகையாளி. பழிவாங்கறதால மட்டும் ஒருத்தன் வில்லன் ஆகமாட்டான், அப்படி பாத்தா பாதி ஹீரோவும் வில்லன்தான். "வாள்போல் பகைவரை அஞ்சற்க அஞ்சுக கேள்போல் பகைவர் தொடர்பு"ன்னு உட்பகை அதிகாரத்துல வள்ளுவர் சொல்றதும் இந்த வீட்டுக்குள்ளயே இருக்கற ஆளத்தான். கசுயாவோட மகன் ஜின்னும் ஆறாவது கேம்ல உலகத்து மேலயே போர் தொடுத்தான், குடும்ப ராசி.

இனி ஆர்க், அதாவது கத போகப்போக ஒரு கேரக்டர் மாறிட்டு வர்ற விதம். லத்தீன் ஆர்க்கஸ்னா வில்லுன்னே அர்த்தம், ஆனா அதுக்காக கதாபாத்திர வளைவுன்னு எழுதறது எனக்கு ரோடு போர்டு மாதிரி இருக்கு. நம்ம வீட்ல சொல்றது "அவன் போக்கே மாறிப்போச்சு". போக்கு, இது போதும். கொஞ்சம் எழுத்து நடையில வேணும்னா குணப்போக்கு.

எல்லா ரைவலும் கசுயா பக்கமே போறதில்ல. போக்கிமான்ங்கற பிராணிங்கள புடிச்சு வளக்கற கேம் போக்கிமான் கோல்டு, சில்வர்ல வர்ற செவப்புமுடிக்காரன் வர்றப்பவே பேராசிரியர் எல்மோட லேப்ல ஒரு போக்கிமான திருடிட்டுதான் வர்றான், மொத நாள்லயே பகையாளி. போகப்போக எறங்கி வர்றான், கடைசில அவன் வளக்கற கோல்பேட்ங்கற வவ்வால் போக்கிமான் குரோபேட்டா மாறியிருக்கும், வளக்கறவன் மேல பாசம் வந்தாத்தான் அது மாறும். அவனுக்கு மட்டும் அந்த வார்த்தைங்கள அப்படியே திருப்பி போட்டுக்கலாம், பகையாளி பங்காளி ஆன போக்கு.