லஞ்சமா, கையூட்டா?

பட்டா மாற்றத்துக்குப் பணம் கேட்டவர் ‘ரசாயனம் தடவிய நோட்டுகளுடன் கையும் களவுமாகச் சிக்கினார்’ என்ற செய்தியைப் படிக்காதவர் இருக்க முடியாது. அந்த ரசாயனம் பினாப்தலீன் பொடி. நோட்டைத் தொட்ட விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் நீர் இளஞ்சிவப்பாகிவிடும். கையே காட்டிக்கொடுக்கும். இந்தக் குற்றத்துக்குத் தமிழ் வைத்த பெயரிலும் கைதான் முன்னால் நிற்கிறது.

முதலில் லஞ்சம். வடமொழியில் லஞ்சா, பாலியில் லஞ்ச. தெலுங்கும் கன்னடமும்கூட இதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டன. லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ‘இலஞ்சம்’ என்று எழுதுவது மரபு. இலங்கையின் அரசுத் தமிழ் அந்த இகரத்தை இன்னும் விடவில்லை. தமிழ்நாட்டில் அது எப்போதோ உதிர்ந்துவிட்டது. பழைய விவிலியத் தமிழில் வரும் ‘பரிதானம்’ இன்று அகராதியோடு சரி.

மாமூல் என்பது அரபியிலிருந்து வந்தது. ‘வழக்கமானது’ என்று பொருள். மழை விட்டதும் ஊர் ‘மாமூல் நிலைக்கு’ திரும்புகிறது என்கிறோமே, அதே மாமூல்தான் மாதாமாதம் கடைக்கு வந்து வாங்கிப்போகும் தொகைக்கும் பெயர். ஒரு குற்றத்தை இதைவிட நாசூக்காகச் சொல்லிவிட முடியாது.

தனித்தமிழில் கைக்கூலி, கையூட்டு என்று இரண்டு உண்டு. மலையாளிகள் இன்றும் லஞ்சத்தைக் கைக்கூலி என்றுதான் சொல்கிறார்கள். நம்மிடம் அது அரசியல் மேடைக்குப் போய், அடுத்தவருக்கு விலைபோனவரைத் திட்டும் சொல்லாகிவிட்டது. ஆகவே மிஞ்சுவது கையூட்டு. கை, ஊட்டு: கையில் ஊட்டுவது. எனக்கு இந்தச் சொல் பிடிக்க ஒரு காரணம் உண்டு. ஊட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். லஞ்சம் என்றதும் வாங்கியவர் முகம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. கையூட்டு என்றால் ஊட்டியவரும் கண்ணில் படுகிறார்.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் முன்பு கொடுத்தவர் உடந்தையாளராகவே வருவார். அவர் அளிக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர்மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் இருந்தது. 2018 திருத்தம் அந்தப் பாதுகாப்பை நீக்கி, கொடுப்பதையே நேரடிக் குற்றமாக்கியது: ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயத்தால் கொடுத்தேன் என்பவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். வாங்கும் அரசு ஊழியருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பணமதிப்பில்லாத ‘முறையற்ற ஆதாயமும்’ இதில் அடக்கம்.

சரி, தனியார் கம்பெனி? கொள்முதல் மேலாளர் சரக்கு தருபவரிடம் தொகை வாங்கினால் நாம் அதை லஞ்சம் என்று சொல்வதே அபூர்வம். கமிஷன், கட்டிங் என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறோம். இந்தியச் சட்டமும் ஏறக்குறைய அப்படியே: இரு தனியாருக்கு இடையிலான கையூட்டுக்கென்று பொதுவான குற்றப்பிரிவு கிடையாது; நம்பிக்கை மோசடி, ஏமாற்று என்று சுற்றித்தான் வர வேண்டும். தனியார் வங்கியின் தலைவரும் செயல் இயக்குநரும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் நோக்கில் பொது ஊழியர்களே என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் அந்த ஒரு கதவு திறந்தது. 2011இல் இந்தியா ஏற்பளித்த ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு, தனியார்துறைக் கையூட்டைக் குற்றமாக்குவது பற்றிப் பரிசீலிக்கச் சொல்கிறது. இலங்கை 2023இன் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் அதைச் செய்துவிட்டது.

சிங்கப்பூரில் 1960 முதலே அரசு ஊழியர் வாங்கினாலும் தனியார் ஊழியர் வாங்கினாலும் குற்றம்தான். ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். 2018இல் அங்கே சரக்குப் பெட்டகக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் இருவர்மேல் வழக்கு வந்தது. லாரிகளைத் தாமதப்படுத்தாமல் அனுப்ப அவர்கள் வாங்கியதாகச் சொல்லப்பட்ட கையூட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு வெள்ளி.