கண்ணாடி போல் மின்னினால் போதாது

குவாண்டம் கணினிச் சில்லுக்காக டாண்டலம் என்ற உலோகத்தைப் பூசிய வேஃபரை (மெல்லிய தட்டை) யார் கொண்டுவந்து நீட்டினாலும், "ஆல்ஃபாவா, பீட்டாவா?" என்றுதான் முதலில் கேட்பேன். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டாண்டலத்தின் இந்த இரண்டு படிக வடிவங்களுமே முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும். ஆனால் ஆல்ஃபா சுமார் 4.4 கெல்வினில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிவிடும். பீட்டாவை 1 கெல்வினுக்கும் கீழே கொண்டுபோக வேண்டும். இதைக் கண்டுபிடிக்கக் குளிர்விப்பானே வேண்டாம். அறை வெப்பநிலையில் நான்கு முனைகளை வைத்து மின்தடையை அளந்தாலே போதும். பீட்டாவின் தடை பல மடங்கு கூடுதலாக வரும். அந்தச் சில நிமிடச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, வாரக்கணக்கில் சில்லு செய்து நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் நொந்தது வேறு விதத்தில். 300 கெல்வினில் உள்ள தடையை, மீக்கடத்தியாவதற்குச் சற்று மேலே உள்ள தடையால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அது உயர்ந்தால் உலோகத்தில் மாசும் குறைபாடுகளும் குறைவு என்று பொருள். ஒற்றை எண் என்பதால் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு காதல், எனக்கும்தான். விகிதம் அருமையாக இருந்த ஒரு தொகுதியில் நுண்ணலை ஒத்ததிர்விகள் (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும் சுற்றுகள்) செய்து, 10 மில்லிகெல்வினில் அளந்தோம். வலுவான சமிக்ஞை கொடுத்தபோது தரக்காரணி (ஆற்றல் எவ்வளவு மெதுவாகக் கசிகிறது என்பதன் அளவு) பத்து லட்சத்தைத் தாண்டியது. மகிழ்ந்தோம். சமிக்ஞையை ஒற்றை ஃபோட்டான் (நுண்ணலையின் மிகச் சிறிய ஆற்றல் துணுக்கு) அளவுக்குக் குறைத்ததும் அது சரிந்து விழுந்தது.

காரணம் உலோகத்துக்குள் இல்லை, அதன் ஓரங்களில் இருந்தது. டாண்டலப் படலத்துக்கும் அதற்கு அடியில் தட்டாக இருக்கும் நீலக்கல்லுக்கும் இடையிலும், மேலே படியும் ஆக்சைடிலும் ஒழுங்கற்ற அணுக்கள் இரண்டு நிலைகளுக்கிடையே தாவி ஆற்றலை உறிஞ்சுகின்றன. வலுவான அலை வந்தால் அவை தெவிட்டி ஓய்ந்துவிடும்; இழப்பு மறைந்ததாகத் தோன்றும். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட் வேலை செய்வதோ ஒற்றை ஃபோட்டான் ஆற்றலில். பூசுவதற்கு முன் நீலக்கல்லை நாங்கள் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. விகிதம் அதை எப்படிக் காட்டும்?

2021இல் பிரின்ஸ்டன் குழுவினர் டாண்டலம் கியூபிட்டில் 0.3 மில்லிவினாடிக்கு மேல் ஆயுள் (ஆற்றலை இழக்காமல் தாங்கும் நேரம்) காட்டியதிலும் பரப்பைக் கையாண்ட விதத்துக்குப் பங்கு உண்டு. இன்னொரு மீக்கடத்தி உலோகமான நையோபியத்தில் ஆக்சைடு இன்னும் தடிமனாகப் படியும். அமிலத்தில் கரைத்தாலும், காற்றுப் பட்டதும் மீண்டும் வளரத் தொடங்கிவிடும்.

ஆகவே ஃபோட்டான் எண்ணிக்கை குறிப்பிடாத தரக்காரணியை நான் ஏற்பதில்லை. அமிலத்திலிருந்து எடுத்தது எத்தனை மணிக்கு, குளிர்விப்பானை மூடியது எத்தனை மணிக்கு என்பதற்கும் எங்கள் பதிவேட்டில் இப்போது தனிப் பத்தி இருக்கிறது.