புயலில் சாய்ந்த மரத்தை உடனே அடுப்பில் வைக்காதீர்கள்

டெல்டா பக்கம் நுரையீரல் மருத்துவம் பார்க்கிறவன் நான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கொல்லையில் நின்ற தென்னை, மா, பலா, வேம்பு என்று ஊர் ஊராகச் சாய்ந்து கிடந்தன. பல நாள் கரண்ட் இல்லை, சிலிண்டர் வண்டி வர வழியில்லை, விழுந்த மரத்தையே வெட்டி அடுப்பெரித்தார்கள். வேறென்ன செய்வார்கள்? ஆனால் அதற்குப் பிறகு இளைப்போடு வந்தவர்களில் பீடி சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்கள் நிறையப் பேர். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இதைப் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பச்சை மரத்தின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீர் இருக்கும். தீயின் சூடு முதலில் அதை ஆவியாக்கவே செலவாகிவிடுவதால் விறகு ஒழுங்காகப் பற்றுவதில்லை, அரைகுறையாக எரிகிற மரம்தான் கண்ணைக் கரிக்கிற புகையாக வருகிறது. அதிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் மூக்கில், தொண்டையில் நிற்காமல் நுரையீரலின் காற்றறைவரை போய்விடும். இந்தத் துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈர விறகு எரிகிற சமையலறையில் அது பல நூறைத் தாண்டும்.

இன்னொன்று, மழைக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எரிப்பது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், சாப்பாட்டில் ஏதோ என்று யோசித்துக்கொண்டிருக்காமல் முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். ரத்தத்தில் ஏறியிருப்பது ஆக்சிஜனா இந்த வாயுவா என்று சாதாரணக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

சரி, மரத்தை என்ன செய்வது? நல்ல விறகுதான், வீணாக்க வேண்டாம். துண்டு போட்டு, பிளந்து (பிளக்காத உருளை உள்ளே லேசில் காயாது), செங்கல் மேல் தரையில் படாமல் அடுக்குங்கள். மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போதும், பக்கவாட்டில் காற்று போகட்டும். பருத்த மரம் ஒரு கோடை முழுக்கக் காய வேண்டும். காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு விட்டிருக்கும், இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். அடுக்கை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், கட்டுவிரியன் வந்து தங்கும்.

அரளியை, மஞ்சள் அரளியையும் சேர்த்துத்தான், காய்ந்தாலும் எரிக்காதீர்கள், அதன் புகையும் நஞ்சு. முத்துப்பேட்டை, பிச்சாவரம் பக்கத்துக்காரர்களுக்கு அலையாத்திக் காட்டில் வளரும் தில்லை மரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அதன் பால் பட்டால் தோல் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்று தெரியும். புகையும் கண்ணுக்கு ஆகாது.

வேறு வழியே இல்லாமல் அன்றைக்கே எரிக்க வேண்டியிருந்தால், அடுப்பைத் திண்ணைக்கோ வாசல் கொட்டகைக்கோ மாற்றுங்கள். காய்ந்த மட்டை, பாளை, சுள்ளி கிடைத்தால் அதை மட்டும் எரியுங்கள். பற்றவில்லை என்று பிளாஸ்டிக் பை, டயர்த் துண்டு போடவே கூடாது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊத வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்கள் அடுப்படி வேலையை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள், ஆண்களும் செய்யலாம். ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே கிளம்பி வாருங்கள்.